எல் அண்ட் டி தலையில் 1 லட்சம் கோடி கடனா?

'எல் அண்ட் டி தலைக்கு மேல் 1 லட்சம் கோடிக்கும் அதிகமான கடன், கம்பெனி மூழ்கப் போகிறது' என்று ஒரு பேச்சு சுற்றுகிறது. எண் பொய்யில்லை. அதற்குச் சொல்லும் அர்த்தம்தான் தப்பு.

2024 மார்ச் முடிவில் குழுமத்தின் ஒருங்கிணைந்த கணக்கில் (துணை நிறுவனங்களையும் சேர்த்த கணக்கு) கடன் சுமார் 1.14 லட்சம் கோடி ரூபாய். அதில் ஏறக்குறைய 76,500 கோடி, எல் அண்ட் டி ஃபைனான்ஸ் வாங்கியது. இந்த நிறுவனத்தின் தொழிலே கடன் வாங்கி, டிராக்டர், இருசக்கர வாகனம், வீடு என்று மக்களுக்குக் கடன் கொடுப்பதுதான். வாங்கிய கடனுக்கு எதிரே, திரும்பி வரவேண்டிய கடனாக 85,000 கோடிக்கு மேல் நின்றது. தாய் நிறுவனமான எல் அண்ட் டிக்கு இந்த ஃபைனான்ஸ் நிறுவனத்தில் சுமார் 66 சதவீதப் பங்குதான். ஆனால் கணக்கு விதிப்படி முழுக் கடனும் ஒருங்கிணைந்த அறிக்கையில் ஏறிவிடும். பாலம், மெட்ரோ கட்ட வாங்கிய கடன் என்று இந்த 76,500 கோடியைப் படிப்பது சரியில்லை.

2023-24 நிதியாண்டில் குழுமத்தின் வருவாய் 2.21 லட்சம் கோடி, நிகர லாபம் 13,000 கோடிக்குச் சற்று மேல். மூழ்குகிற கம்பெனியின் கணக்கு இப்படி இருக்காது.

அதற்காகக் கவலையே இல்லை என்றும் சொல்ல முடியாது. எல் அண்ட் டி கட்டி நடத்திய ஹைதராபாத் மெட்ரோ அப்போது நிஜமான தலைவலி. சுமார் 13,000 கோடி கடனோடு தொடர்ந்து நஷ்டம் காட்டியது.

அப்புறம், கையிலிருந்த 4.75 லட்சம் கோடி ஆர்டரை 'வருமானம்' என்று பெருமையாகப் பகிர்பவர்களும் இருக்கிறார்கள். அதுவும் தப்பு. அது இனிமேல்தான் செய்ய வேண்டிய வேலையின் மதிப்பு.