வானத்துக்கு நோட்டீஸ், எங்களுக்கு நாமம்

அமெரிக்க அதிபர் வந்தால், விமானங்கள் பறக்காதபடி வானத்தை மூடுவதற்குச் சில நாள் முன்னாடியே நோட்டீஸ் போடுகிறார்கள். ரோட்டை மூடுவதற்கு மட்டும் மூச்சு விட மாட்டார்களாம். என்ன நியாயம் இது?

நியூ ஜெர்சியில் பெட்மின்ஸ்டர் என்று ஒரு ஊர். எட்டாயிரம் சொச்சம் பேர், குதிரைப் பண்ணைகள், சின்னச் சின்னச் சாலைகள். டிரம்ப்புடைய கோல்ஃப் கிளப் அங்கேதான் இருக்கிறது. அதனால் 2017-இலிருந்து, அவர் பதவியில் இருக்கும் கோடைகளில், வார இறுதி என்றாலே சுற்றுவட்டாரத்துக்குத் திண்டாட்டம். உடனே கட்சிக் கொடியைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். பைடன் ரெஹோபத் கடற்கரைக்குப் போனபோது அந்த ஊரும் இதைத்தான் பட்டது. எழுநூறு பேர் வசிக்கும் கிராஃபர்டில் பண்ணை வைத்திருந்த புஷ் காலத்திலும் இதே கதைதான்.

அதிபர் விமானம் மோரிஸ்டவுனில் இறங்கும். அங்கிருந்து ஹெலிகாப்டர். வானிலை மோசமானால் கார் அணிவகுப்பு. அதாவது மேகம் கூடினால் எங்கள் தலையில் இடி. அப்படித்தான் ஒரு நாள், பிரிட்ஜ்வாட்டர் பெருமாள் கோயிலில் நண்பர் வீட்டுக் குழந்தைக்கு அன்னப்பிராசனம். 287 ஹைவேயில் ஏறும் வழியை மறித்துக்கொண்டு ஒரு போலீஸ் கார், நீலமும் சிவப்புமாக மின்னிக்கொண்டு நிற்கிறது. எவ்வளவு நேரமாகும் என்று கேட்டால், "சொல்ல முடியாது." மாற்று வழி? "தெரியாது." பின்சீட்டில் பையன் ஒன்றுக்குப் போகணும் என்று நெளிகிறான். கடைசியில் மோட்டார் சைக்கிள்கள், கறுப்பு வண்டிகள், ஆம்புலன்ஸ், பத்திரிகைக்காரர்கள் வேன் எல்லாம் சர்ரென்று போய் முடிந்தது. அப்புறமும் வழி விடவில்லை! நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பட்டர் அடுத்த குடும்பத்துக்குச் சங்கல்பம் செய்துகொண்டிருந்தார்.

கேட்டால் பாதுகாப்பு, ரகசியம். எது ரகசியம்? விமானத் துறையின் இணையதளத்தில், பறக்கத் தடை எந்த நாள் தொடங்கி எந்த நாள் முடியும், எந்த இடத்தைச் சுற்றி எத்தனை மைல் என்று வரைபடத்தோடு கிடக்கிறது. உள்வட்டம் பத்துக் கடல் மைல், வெளிவட்டம் முப்பது. ஊர்க்காரர்கள் அதைப் பார்த்துத்தான் "இந்த வாரம் வருகிறார்" என்று பேசிக்கொள்கிறார்கள். அப்புறம் என்ன ரகசியம்?

அந்த நோட்டீஸாலும் பாவம், சிலருக்கு நஷ்டம்தான். சோல்பெர்க் மாதிரிச் சின்ன விமான நிலையங்கள் உள்வட்டத்துக்குள் மாட்டிக்கொள்கின்றன. வெளிவட்டத்தில்கூட விமானப் பயிற்சி கூடாது. பயிற்சிப் பள்ளிக்குச் சம்பாத்தியமே கோடைக்கால வார இறுதியில்தான். அதில் கை வைத்தால் அவன் எங்கே போவான்? தெரியாமல் உள்ளே நுழைந்தால் எஃப்-16 போர் விமானம் வந்து நிற்கும். 2025 ஜூலையில் பெட்மின்ஸ்டர் மேலேயே அது நடந்தது. ஆனாலும் விமானிக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். கார் ஓட்டுகிறவன் மட்டும் என்ன பாவம் செய்தான்?

அவர் எந்த வண்டியில், எந்த வழியாக, எத்தனை மணிக்கு வருகிறார் என்று எனக்குத் தெரியவே வேண்டாம். "ஞாயிறு மதியம் 287 பக்கம் தாமதமாகலாம்" என்று முந்தின நாள் ஒரு மெசேஜ் போதும். வெள்ளம் வந்தால், குழந்தை காணாமல் போனால் நடுராத்திரியில் எல்லார் போனையும் அலற வைக்கத் தெரிகிறது. இதற்கு மட்டும் விரல் வளையவில்லையா?