ஜோ பின்டர் என்பது தவறான விடை அல்ல

ஞாயிற்றுக்கிழமை நம் குழுவின் வினாடிவினாவில் நடந்ததை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதனால் முழுக் கதையையும் மறுபடி சொல்லவில்லை. இரண்டாம் உலகப் போரில் களத்தில் உயிர்விட்ட தொழில்முறை பேஸ்பால் ஆட்டக்காரர் ஒருவரைக் குறிப்பிடச் சொன்ன கேள்விக்கு, ஜோ பின்டர் என்று எழுதிய தம்பிக்கு மதிப்பெண் மறுக்கப்பட்டது. "இறந்தவர்கள் இருவர்தான்: எல்மர் கெடியன், ஹாரி ஓ'நீல். மைனர் லீக்கில் ஆடியவர்களெல்லாம் கணக்கில் வரமாட்டார்கள்" என்று நடுவர் விளக்கம் தந்தார். அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்புப் படங்கள் விழுந்தன. மதிப்பெண் போனதைப் பொறுத்துக்கொள்ளலாம். அந்தச் சிரிப்பைத்தான் இரண்டு நாளாக என்னால் விழுங்க முடியவில்லை.

பின்டர் பென்சில்வேனியா மாநிலத்து மெக்கீஸ் ராக்ஸ் என்ற ஊரில் 1912 ஜூன் 6 அன்று பிறந்தவர்; பந்து வீசுபவர். அமெரிக்கப் பேஸ்பாலின் உச்ச நிலை மேஜர் லீக்; அதற்குக் கீழே படிப்படியாக அமைந்திருந்த மைனர் லீக்குகளில் ஆகக் கடைசியானது அன்றைய டி வகுப்பு. அவருடைய ஆட்ட வாழ்க்கை பெரும்பாலும் அங்கேயே கழிந்தது. புளோரிடாவின் சான்ஃபோர்டு அணிக்காக வீசினார்; 1941 வரை ஊர் ஊராகப் போய் வீசிக்கொண்டிருந்தார். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, சம்பளம் வாங்கி, அதையே பிழைப்பாகக் கொண்டு ஆடிய ஒருவரைத் தொழில்முறை ஆட்டக்காரர் இல்லை என்றால், அந்தச் சொல் வேறு யாருக்குத்தான் பொருந்தும்?

1942 தொடக்கத்தில் படையில் சேர்ந்தார். 1944 ஜூன் 6 அன்று, சரியாகத் தம் முப்பத்திரண்டாவது பிறந்தநாளில், அமெரிக்காவின் முதலாம் காலாட்படை டிவிஷனைச் சேர்ந்த 16-ஆவது ரெஜிமென்ட்டின் வீரராக ஜெர்மானியர் பிடியில் இருந்த பிரான்சின் நார்மண்டிப் பகுதியில், ஒமாஹா எனப் பெயரிடப்பட்ட கடற்கரையில் இறங்கினார். கரைக்கு நூறு கெஜம் இருக்கும்போதே படகிலிருந்து குதிக்க வேண்டியிருந்தது. இடுப்பளவு தண்ணீரில் வயர்லெஸ் கருவியைச் சுமந்துகொண்டு சில அடிகள் வைப்பதற்குள் குண்டு பாய்ந்தது. பலத்த காயத்தோடு கருவியைக் கரை சேர்த்தார். மருத்துவ உதவியை மறுத்துவிட்டு, கடலில் சிதறிக் கிடந்த தகவல்தொடர்புச் சாமான்களை மீட்க மூன்று முறை திரும்பத் தண்ணீரில் இறங்கினார். இயங்கும் நிலையில் இருந்த இன்னொரு வயர்லெஸ்ஸும் அப்படித்தான் கிடைத்தது. மூன்றாம் முறை இயந்திரத் துப்பாக்கி கால்களைத் துளைத்தது. அதன்பிறகும் கரையில் கருவியை இயங்க வைக்க உதவிக்கொண்டிருந்தபோதுதான் கடைசிக் குண்டு பட்டு இறந்தார். அமெரிக்காவின் மிக உயர்ந்த ராணுவ விருதான மெடல் ஆஃப் ஹானரின் அறிவிப்பிலேயே இவ்வளவும் இருக்கிறது. இந்த மனிதரைத்தான் "கணக்கில் வரமாட்டார்" என்றீர்கள்.

ஒரு வயர்லெஸ் பெட்டிக்காக உயிரை விடுவதா என்று ஒருவர் அங்கே கேட்டிருந்தார். என் சித்தப்பா நம் ராணுவத்தின் சிக்னல்ஸ் பிரிவில் இருந்தவர். மழையில் நனைந்து முகாமுக்குத் திரும்பினால், தலையைத் துவட்டுவதற்கு முன்பே வயர்லெஸ் செட்டின் இணைப்புகளைத் துணியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும் என்பது பழகிப்போன வழக்கம் என்பார். ஓய்வுபெற்ற பிறகும், வீட்டில் ரேடியோமீது ஈரக் கை பட்டால் எங்களுக்குத் திட்டு விழும். செட் போய்விட்டால் படைக்குக் கண்ணும் இல்லை, காதும் இல்லை என்பது அவர் வாயிலிருந்து நான் பலமுறை கேட்டது. ஒமாஹாவில் நடந்ததும் அதுதான். கருவிகள் பெருமளவு கடலில் போய்விட, எங்கே சுடுவது என்று கப்பல்களுக்குச் சொல்ல வழியில்லாமல், நாசகாரிக் கப்பல்கள் தரைதட்டும் ஆபத்தையும் பாராமல் கரையை ஒட்டி வந்து கண்ணால் பார்த்துச் சுட வேண்டியதாயிற்று. அந்த நிலையில் கரைக்கு வந்த ஒவ்வொரு கருவியும் எத்தனை உயிர்களைக் காத்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

"விதி விதிதான், கேள்வி மேஜர் லீக்கைப் பற்றியது" என்று சிலர் வரக்கூடும். கேள்வியில் அப்படி ஒரு வார்த்தை இல்லவே இல்லை. விடை வந்த பிறகுதான் அது முளைத்தது. சரி, அந்த விதியையே எடுத்துக்கொள்வோம். கெடியன் வாஷிங்டன் அணிக்காக மேஜர் லீக்கில் ஆடியது 1939-இல் ஐந்தே ஆட்டங்கள். ஓ'நீல் அதே ஆண்டு பிலடெல்பியா அத்லெட்டிக்ஸ் அணிக்காக ஒரே ஓர் ஆட்டத்தின் கடைசிப் பகுதியில் கேட்சராக, அதாவது வீசப்படும் பந்தைப் பிடிப்பவராக, நின்றார். மட்டை பிடிக்க அவருக்கு வாய்ப்புகூட வரவில்லை. ஒருவர் பிரான்சில் விமானத்தோடு வீழ்ந்தார், மற்றவர் ஜப்பானின் ஐவோ ஜிமா தீவில் மாண்டார். அவர்களைக் குறைத்துச் சொல்ல நான் யார்? இருவரையும் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் ஓர் ஆட்டத்தின் கடைசி நிமிடங்கள் ஒருவரைப் பட்டியலில் சேர்க்கும், ஆண்டுக்கணக்கான பந்துவீச்சு இன்னொருவரைச் சேர்க்காது என்பது என்ன அளவுகோல்?

"திறமை இருந்திருந்தால் மேலே போயிருப்பாரே" என்ற வாதம்தான் எல்லாவற்றிலும் மோசமானது. அதே ஜூன் 6 அன்று நார்மண்டி கரையோரம் ராக்கெட் படகு ஒன்றில் பத்தொன்பது வயது மாலுமி ஒருவர் இருந்தார். நார்ஃபோக் அணிக்கு ஆடிவிட்டு வந்த மைனர் லீக் கேட்சர், பெயர் யோகி பெர்ரா. அவர் உயிரோடு திரும்பி, நியூயார்க் யாங்கீஸ் என்ற மேஜர் லீக் அணியின் பெரும் நட்சத்திரமானார். அன்றைக்குக் குண்டு அவர்மேல் பட்டிருந்தால், அவரையும் இதே வாயால் கணக்கில் வராதவர் என்றுதானே சொல்லியிருப்பீர்கள்? 1941-இல் நாற்பதுக்கு மேல் இருந்த மைனர் லீக்குகள் 1943-இல் பத்தளவுக்குச் சுருங்கின; ஆட்டக்காரர்கள் ஆயிரக்கணக்கில் படைக்குப் போயிருந்தார்கள். அவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் திரும்பவே இல்லை. இருவர் என்று நீங்கள் எழுதியபோது அத்தனை பேரையும் ஒரே வரியில் அழித்துவிட்டீர்கள்.

அமெரிக்கப் பேஸ்பால் உனக்கு எதற்கு, நம்மூர் வீரர்களுக்கு எழுதலாமே என்பவர்களுக்கு: சித்தப்பாவைப் பற்றியும் அவரோடு இருந்தவர்களைப் பற்றியும் இதே பக்கத்தில் எழுதியிருக்கிறேன், அப்போது யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அந்த வருத்தமும் இந்தக் கோபத்தில் கலந்திருக்கிறது என்பதை நான் மறைக்கப் போவதில்லை. ஜெர்மனியின் சிர்ன்டார்ஃப் ஊரில் இருந்த தன் முகாமுக்கு அமெரிக்க ராணுவம் பின்டரின் பெயரை வைத்தபோது, அவர் எந்த லீக்கில் ஆடினார் என்று பார்த்துக்கொண்டிருக்கவில்லை. நாம் மட்டும் பார்க்கிறோம்.

நடுவரிடம் இரண்டே கோரிக்கைகள். விடைப் பதிவில் "இருவர்தான்" என்பதைத் திருத்தி, மேஜர் லீக்கில் ஆடியவர்கள் இருவர் என்று தெளிவாக எழுதுங்கள். அந்தத் தம்பிக்கு உரிய மதிப்பெண்ணை, சிரித்தவர்கள் எல்லோரும் பார்க்கும்படி, அதே பதிவின் கீழேயே கொடுங்கள்.