ஸ்டார் ட்ரெக்கை முல்லிபோக்கின் சூளையிலிருந்து தொடங்குங்கள்

ஸ்டார் ட்ரெக் என்ற அமெரிக்க விண்வெளித் தொடர் வரிசையை எங்கே தொடங்குவது என்ற சண்டை எல்லா இடத்திலும் உள்ளதுதான். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கம் இதைப் பார்க்கிற கொஞ்சப் பேருக்குள்ளும் இரண்டு கட்சி இருக்கிறது. வெளிவந்த வரிசையில்தான் பார்க்கவேண்டும் என்பது ஒரு கட்சி. கதைக்குள் ஓடும் ஆண்டு வரிசையில் பார்க்கவேண்டும் என்பது மற்றது. வன்னியில் புதிதாகப் பார்க்கிற ஒருவருக்கு இரண்டுமே உதவாது என்பது என் கருத்து.

முதல் கட்சியின் சொல்லைக் கேட்டால் 1966 செப்டெம்பரில் வந்த முதல் தொடரின் 79 எபிசோட்டில் தொடங்கவேண்டும். பிறகு 1973இன் கார்ட்டூன் தொடர், 22 எபிசோட். பிறகு 1987இல் தொடங்கிய நெக்ஸ்ட் ஜெனரேஷன். அதன் முதல் சீசனை உண்மையான ரசிகர்களே பல்லைக் கடித்துக்கொண்டுதான் பார்ப்பார்கள். இரண்டாம் சீசனின் கடைசி எபிசோட் பழைய காட்சிகளை வெட்டி ஒட்டி ஒப்பேற்றியது. ஆர்வத்தோடு வந்த ஆள் அதற்கு முன்பே எழும்பிப் போய்விடும்.

இரண்டாம் கட்சியின் வழி இன்னும் மோசம். கதைக்கால வரிசை என்றால் 2001இல் வந்த எண்டர்பிரைஸ் முதலாவதாக வரும், ஏனென்றால் அதன் கதை 2151இல் நடக்கிறது. அந்தத் தொடரின் பாதிச் சுவை, பின்னால் வரப்போவது இன்னதென்று பார்ப்பவருக்குத் தெரிந்திருப்பதில்தான் இருக்கிறது. டிஸ்கவரி என்ற தொடரோ இரண்டு சீசன் 23ஆம் நூற்றாண்டில் ஓடிவிட்டு மூன்றாவதில் 900 வருடத்துக்கு மேல் தாவுகிறது. அதை இரண்டாக வெட்டி ஒரு துண்டை முன்னுக்கும் மற்றத் துண்டைக் கடைசியிலுமா வைப்பது?

வன்னிக்கு வாசல் டீப் ஸ்பேஸ் நைன் என்ற ஸ்டார் ட்ரெக் தொடர். 1993 ஜனவரி முதல் 1999 வரை 7 சீசன், 176 எபிசோட். அதிலும் முதலில் ஆறே ஆறு எபிசோட். பிடித்தால் மிச்சத்தைப் பாருங்கள், பிடிக்காவிட்டால் நாலரை மணித்தியாலத்தோடு போகட்டும்.

பின்னணி இவ்வளவு தெரிந்தால் போதும். பேஜோர் என்று ஒரு கிரகம். கார்டேசியர் என்ற வேறொரு இனத்தார் அதை அரை நூற்றாண்டு பிடித்துவைத்திருந்து, சுரண்டி, வேலை முகாம்கள் நடத்தி, 2369இல் விட்டுவிட்டுப் போகிறார்கள். போகும்போது இருந்ததை உடைத்து, மண்ணையும் கெடுத்துவிட்டே போகிறார்கள். அவர்கள் கட்டிய விண்வெளி நிலையத்தைப் பேஜோரின் இடைக்கால அரசு எடுத்து, நடத்தித் தரும்படி பல கிரகங்களின் கூட்டமைப்பான ஃபெடரேஷனைக் கூப்பிடுகிறது. ஃபெடரேஷன் தரப்புக் கமாண்டர் சிஸ்கோ. பேஜோர் தரப்பு அதிகாரி மேஜர் கிரா நெரிஸ், முன்னாள் போராளி. ஃபெடரேஷன்காரர் வந்து இறங்குவது அவளுக்குத் துளியும் பிடிக்கவில்லை. வெள்ளை ஜீப்பில் வந்து தேவை மதிப்பீடு எடுத்துக்கொண்டு போனவர்களைக் கண்ட சனத்துக்கு அந்த முகத்தை யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

இதன் பொருள் பேஜோர்தான் வன்னி என்பதல்ல. அப்படிப் பார்க்கத் தொடங்கினால் இரண்டாம் எபிசோட்டிலேயே கணக்குப் பிழைக்கும். பேஜோர் மக்கள் முதலில் வந்தது 1991இல், நெக்ஸ்ட் ஜெனரேஷனின் ஐந்தாம் சீசனில். எழுதியவர்கள் ஒரே ஒரு சனத்தை மனதில் வைத்து எழுதவில்லை. எங்களுக்கு அதில் கிடைப்பது வேறொன்று. சண்டை முடிந்த அடுத்த நாள் காணி, மண், முகாம் பதிவு, காணாமற்போன பிள்ளை என்று என்னென்ன வரும் என்பதைப் பற்றி அறிவியல் புனைவுத் தொடர் ஒன்று உட்கார்ந்து யோசித்திருக்கிறது. மற்ற ஸ்டார் ட்ரெக் தொடர்களில் கப்பல் ஒரு கிரகத்துக்கு வரும், பிரச்சினையைத் தீர்க்கும், அடுத்த கிழமை வேறு கிரகம். இதில் நிலையம் நகராது. போன கிழமை எடுத்த முடிவோடு இந்தக் கிழமையும் இருந்துதான் ஆகவேண்டும்.

அந்த ஆறில் முதலாவது "புரோகிரஸ்", முதலாம் சீசன். பேஜோரின் நிலவுகளில் ஒன்றின் உட்கருவிலிருந்து சக்தி எடுக்கும் திட்டம். எடுத்தால் குளிர்காலத்தில் ஏராளமான வீடுகளுக்குச் சூடு கிடைக்கும், ஆனால் நிலவில் எவரும் மூச்சுவிட முடியாது. மற்றவர்கள் எழும்பிப் போய்விட்டார்கள். கார்டேசியரிடமிருந்து தப்பி வந்து 40 வருடமாக அங்கே தோட்டம் செய்கிற முல்லிபோக் என்ற கிழவனும் அவனோடு இருக்கும் இரண்டு பேரும் மட்டும் மிச்சம், கிழவன் மாட்டேன் என்கிறான். எழுப்ப வேண்டிய அதிகாரி கிரா. இதில் கெட்டவன் என்று ஒருவருமில்லை. திட்டம் உண்மையிலேயே நல்லது, கிழவன் சொல்வதும் நியாயம். கிழவன் சூளை ஒன்று கட்டிக்கொண்டிருக்கிறான், கிராவும் கல் வைக்க உதவுகிறாள். அந்தச் சூளைக்கு என்ன நடக்கிறது என்பதைச் சொல்லமாட்டேன். அபிவிருத்தி, காணி சுவீகரிப்பு, மாற்றுக்காணி என்று பிரதேச செயலகத்தில் கதைக்கப்படுவதெல்லாம் 45 நிமிசத்துக்குள் இருக்கிறது.

இரண்டாவது "டூயட்", அதே சீசன். காசு மிச்சம் பிடிக்க இருக்கிற செட்டுக்குள்ளேயே எடுத்தது. பெரும்பாலும் ஒரு அறை, இரண்டு பேர், கதை. முகாம் ஒன்றில் இருந்த கார்டேசியன் ஒருவன் பிடிபடுகிறான். எப்படிப் பிடிபடுகிறான் என்றால், அவனுக்கு இருக்கும் நோய் அந்த முகாமின் சுரங்க விபத்து நேரம் அங்கே நின்றவர்களுக்கு மட்டுமே வந்தது. அதிகாரியா, வெறும் கிளாக்கரா என்பதுதான் கேள்வி. மொத்தத் தொடரிலும் இதற்கு மேலே எதையும் வைக்கமாட்டேன்.

மூன்றாவது "கார்டேசியன்ஸ்", இரண்டாம் சீசன். போரில் விடுபட்டுப் பேஜோர் குடும்பத்தில் வளர்ந்த கார்டேசியப் பையன். பெற்ற தகப்பன் உயிரோடு இருக்கிறான் என்று தெரியவருகிறது. தீர்ப்புச் சொல்வது சிஸ்கோ. அந்தத் தீர்ப்போடு எனக்கு உடன்பாடில்லை. அந்தத் தீர்ப்பை இந்தத் தொடர் பிறகு ஒழுங்காக விசாரிக்கவுமில்லை.

நான்காவது "நெசசரி ஈவில்". ஆக்கிரமிப்புக் கால நிலையத்தையும் இன்றைய நிலையத்தையும் மாற்றி மாற்றிக் காட்டும் துப்பறியும் கதை. ஐந்தாவது "த கொலாபரேட்டர்". 43 போராளிகளின் மறைவிடத்தை யார் சொல்லிக்கொடுத்தது என்ற கேள்வி, மதத் தலைவர் தேர்தலுக்கு நடுவில். இரண்டும் இரண்டாம் சீசன்தான். கூட்டமாக இருந்து பார்க்கிறதென்றால் இவற்றின் பிறகு கொஞ்ச நேரம் விட்டுப் பாருங்கள், சனம் கதைக்கும்.

ஆறாவது "ஷகார்", மூன்றாம் சீசன். கமக்காரர் யாரும் தவறவிடக்கூடாது. நஞ்சேறிய மண்ணைத் திருத்தும் மிசின்கள் சிலதான் உள்ளன. ஒரு வருடத்துக்கென்று ஒரு மாகாணத்துக்குக் கொடுத்துவிட்டு, ஏற்றுமதிப் பயிர் போட வேறு மாகாணத்துக்கு வேண்டுமென்று இரண்டே மாதத்தில் அரசு திருப்பிக் கேட்கிறது. மண் திருந்தி முதல் விளைச்சல் எடுக்கவே அந்த ஒரு வருடம் வேண்டும். பாதியில் மிசினை எடுத்தால் செய்த வேலையும் வீண். போகம் தொடங்கும் நேரம் உழவு மிசினை வேறு பிரதேசத்துக்கு மாற்றினால் என்ன நடக்கும் என்று ஒட்டுசுட்டானில் யாரையும் கேளுங்கள். கிரா யார் பக்கம் நிற்கிறாள் என்பது மிச்சக் கதை.

குறையையும் சொல்லவேண்டும். நாலாம் சீசனில் கிளிங்கன்கள் என்ற போர்வீரர் இனம் வந்த பிறகும், டொமினியன் என்ற எதிரி அரசோடு போர் தொடங்கிய பிறகும் பேஜோரின் மீள்கட்டுமானம் ஓரத்துக்குப் போய்விடுகிறது. மண் திருந்தியதா, பள்ளிக்கூடம் திறந்ததா, ஒரு சத்தமுமில்லை. போர்க்காட்சி கூடினால் ரசிகர் கூடுவார்கள் என்ற கணக்கு. கடைசி மூன்று சீசன்தான் சிறந்தவை என்று எல்லோரும் சொல்லும்போது நான் மட்டும் முரண்டுபிடிப்பது இதனால்தான்.

இனிப் படத்தைப் பற்றி. "ஏன் இவ்வளவு மங்கல்?" என்று கேட்காதவர் இல்லை. தொடர் பிலிமில் எடுக்கப்பட்டாலும் வெட்டித் தொகுத்ததும் விண்வெளிக் காட்சிகளை ஒட்டியதும் அமெரிக்க முறை வீடியோ நாடாவில், 480 வரித் தரத்தில். நெக்ஸ்ட் ஜெனரேஷனுக்கு 2012 முதல் 2014 வரை பிலிமைத் திரும்ப ஸ்கேன் செய்து, எபிசோட் எபிசோட்டாகத் தொகுத்து, காட்சிகளைப் புதிதாக ஒட்டினார்கள். அந்தச் செலவை டீப் ஸ்பேஸ் நைனுக்கும் வொயேஜர் என்ற தொடருக்கும் எவரும் போடவில்லை. ஆகவே இவற்றுக்கு முழுமையான எச்டி கிடையாது. "4கே" என்று யாராவது பென் டிரைவில் தந்தால் அது மென்பொருள் ஊதிப் பெருப்பித்தது. அதில் முகமெல்லாம் மெழுகாகும், பேஜோர்காரரின் மூக்கு மடிப்பும் கரைந்துபோகும். மூக்கு மடிப்பில்லாவிட்டால் யார் எந்த இனம் என்றே தெரியாது. பழைய தரத்தையே எடுங்கள். படம் 4:3. அகலத் திரைக்கு இழுக்காமல் ரீவியின் பட அளவில் 4:3 வையுங்கள். இரண்டு பக்கமும் கறுப்பு நிற்கட்டும், சிஸ்கோவைக் குண்டாக்காதீர்கள். அசையும்போது சீப்புப் பல் மாதிரிக் கோடு தெரிந்தால் விஎல்சி பிளேயரில் டீஇன்டர்லேஸ் போடுங்கள். டிவிடியிலிருந்து மாற்றுகிறவர்கள் செய்யும் பிழை, எல்லாவற்றையும் செக்கனுக்கு 23.976 பிரேமுக்குத் தள்ளுவது. நடிகர் வரும் காட்சி அதற்கு ஒத்துவரும். வீடியோவில் செய்த கப்பல் காட்சி சில இடத்தில் விக்கும். மூலத்தில் உள்ள வேகத்தையே விடுங்கள்.

தமிழ் சப்டைட்டில் செய்கிற பெடியளுக்கு இன்னும் கொஞ்சம். எழுத்து நகர்ந்தால் முதலில் எப்படி நகர்கிறதென்று பாருங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே அளவு பிந்தினால் மொத்தமாகத் தள்ளினால் போதும். போகப்போக இடைவெளி கூடினால் பிரேம் வேகம் பிழை. 25 பிரேமுக்குச் செய்ததை 23.976 படத்துக்குப் போட்டால் 45 நிமிச முடிவில் எழுத்து கிட்டத்தட்ட 1 நிமிசம் 50 செக்கன் முந்தி நிற்கும். சப்டைட்டில் எடிட் என்ற மென்பொருளில் பிரேம் வேகத்தை மாற்றினால் ஒரே தட்டில் சரி. ஓரிடத்தில் மட்டும் துள்ளினால் அது விளம்பர இடைவேளை வெட்டு, அந்த இடத்திலிருந்து மட்டும் தள்ளுங்கள்.

பாமினி எழுத்துருவில் தட்டிச் சேமிக்கவேண்டாம். ரீவியில் அது ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும். யூனிகோடுக்கு மாற்றி யூடிஎஃப்-8இல் சேமியுங்கள். அதற்குப் பிறகும் பல ரீவிகளில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், சிலதில் வெறும் பெட்டி வரும். ரீவிக்குத் தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரியாது, உங்கள் கோப்பில் பிழையில்லை. நம்பக்கூடிய வழி, எழுத்துருவைக் குறிப்பிட்டு எழுத்தைப் படத்தோடு எரித்துவிடுவது. இரண்டு வரிக்கு மேல் போகாதீர்கள். ஆங்கில வசனத்தை முழுதாகத் தமிழாக்கினால் வாசித்து முடிக்க ஏலாது, மூன்றில் ஒரு பங்கையாவது வெட்டவேண்டிவரும்.

சொல் தெரிவில்தான் கனக்கப் பேர் வழுக்குகிறார்கள். "கொலாபரேட்டர்" என்று வரும் இடமெல்லாம் "துரோகி" என்று போடுகிறார்கள். அந்தச் சொல் இங்கே சும்மா சொல் இல்லை. கூலிக்காகக் கார்டேசியருக்குக் கணக்கெழுதியவனுக்கும், ஆளைக் காட்டிக்கொடுத்தவனுக்கும் இடையில் கோடு எங்கே என்பதுதான் நான்காவது, ஐந்தாவது எபிசோட்டின் முழுக் கேள்வியும். முதல் வரியிலேயே "துரோகி" என்று போட்டால் தீர்ப்பு எழுதியாகிவிட்டது, பிறகு பார்க்க என்ன இருக்கிறது? "கார்டேசியரோடு வேலை செய்தவர்" என்று போடுங்கள், கோபத்தில் ஒரு பாத்திரம் கத்தும் இடத்துக்குத் "துரோகி"யை மிச்சம் வையுங்கள். அதேபோல "முகாம்" என்று மொட்டையாகப் போட்டால் இங்கே வேறு முகாம்தான் நினைவுக்கு வரும். "கட்டாய வேலை முகாம்" என்று எழுதுங்கள்.

பெயரில் ஒரு வசதி இருக்கிறது. பேஜோர் மக்களுக்குக் குடும்பப் பெயர் முன்னுக்கு, சொந்தப் பெயர் பின்னுக்கு. தகப்பன் பெயரை முன்னுக்குப் போட்டுப் பழகிய எங்களுக்கு இதில் குழப்பமே வராது. மேஜர் கிரா என்பது மரியாதை, நெரிஸ் என்பது நெருக்கம்.

முல்லிபோக் கிராவைப் "பிள்ளை" என்று கூப்பிடட்டும், அவள் "ஐயா" என்று தொடங்கி, கல் வைக்கும் காட்சிக்குப் பிறகு "அப்பு"வுக்கு வரட்டும். ஆங்கிலத்தில் இல்லாத அந்த ஒரு படி தமிழில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் ஆறாவது எபிசோட்டில் வரும் ஷகார் என்ற ஆளை அவள் "அண்ணை" என்று கூப்பிடுகிற மாதிரி எழுதவேண்டாம். அவளுடைய பழைய போராளிக் குழுத் தலைவன்தானே என்று மூன்றாம் சீசனில் அது இயல்பாகத்தான் வரும். நாலாம் சீசனில் இரண்டு பேரும் காதலர்கள்.

"புரோகிரஸ்" எபிசோட்டின் கிளைக்கதையில் நோக், ஜேக் என்ற இரண்டு பெடியள் ஒருவருக்கும் வேண்டாத சோஸைக் கொடுத்துத் தானாக மூடிக்கொள்ளும் ஸ்டெம் போல்ட்டுகளை வாங்கி, அதைக் கொடுத்துக் காணி வாங்குகிறார்கள். மேலே ஒரு கிழவன் காணியை இழக்கிறான், கீழே இரண்டு சிறுவர் காணி வியாபாரம் செய்கிறார்கள், தொடர் அதைச் சொல்லிக்காட்டுவதுகூட இல்லை. ஸ்டெம் போல்ட்டுக்குத் தமிழ் தேடி நேரத்தை வீணாக்கவேண்டாம். அது எதற்குப் பாவிப்பதென்று அதை வாங்கிய பெடியளுக்கே தெரியாது.