மெமோரியல் டே: கொடி நண்பகல் வரைதான் அரைக்கம்பத்தில்

அமெரிக்காவில், பணியில் உயிர்நீத்த படைவீரர்களை நினைவுகூரும் மெமோரியல் டே அன்று கொடி நாள் முழுக்க அரைக்கம்பத்தில் பறக்க வேண்டும் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். அப்படி இல்லைங்க, நண்பகல் வரைதான். மே 15 காவலர் நினைவு நாளோடு குழம்பியிருக்கலாம். அன்றுதான் நாள் முழுக்க.

மெமோரியல் டே காலையில் கொடியை விறுவிறுவென உச்சிவரை ஏற்றி, ஒரு கணம் நிறுத்தி, பிறகு நிதானமாகப் பாதிக்கு இறக்க வேண்டும். பலர் நேரே பாதியிலேயே கயிற்றைக் கட்டிவிடுகிறார்கள், அது தவறு. பகல் 12 மணிக்கு மறுபடி உச்சிக்கு ஏற்றி, மாலையில் இறக்கும் வரை அங்கேயே விட வேண்டும்.

சந்தேகமிருந்தால் அமெரிக்கச் சட்டத்தொகுப்பில் தலைப்பு 4, பிரிவு 7, உட்பிரிவு ‘எம்’ பாருங்கள். பிரதிநிதிகள் சபையின் சட்டத்தொகுப்புத் தளத்தில் இலவசமாகவே படிக்கலாம். ‘நண்பகல் வரை மட்டும்’ என்றே அதில் இருக்கிறது.