இலையை அரைப்பதும் ஆராய்ச்சிதான்

சனிக்கிழமை கருத்தரங்கில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும், வீடியோவும் சுற்றி வந்துவிட்டது. மறுபடி விவரிக்கவில்லை. "இலையை அரைத்துச் சாறு பிழிவதெல்லாம் ஆராய்ச்சியா?" என்று மேடையிலிருந்தே கேட்டு, செடிகளிலிருந்து மருந்து மூலக்கூறுகளைப் பிரிப்பது பற்றிய என் மாணவியின் பேச்சை ஆறாவது நிமிடத்தில் நிறுத்தினார்களே, அதற்குத்தான் பதில். ஆமாம், ஆராய்ச்சிதான்.

அவளுக்கு முன்னால் பேசியவர் முதுகெலும்பு அறுவை சிகிச்சையில் ஆக்மென்டட் ரியாலிட்டி பற்றிச் சொன்னார். நல்ல பேச்சு. சிடி ஸ்கேனில் எடுத்த எலும்பின் படம், மருத்துவர் மாட்டியிருக்கும் கண்ணாடி வழியாக நோயாளியின் முதுகின் மேலேயே தெரிகிறது. 2020இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் அப்படி ஸ்குரூ பொருத்தினார்கள். நானும் கைதட்டினேன்.

"உங்களுக்குப் புதுத் தொழில்நுட்பம் என்றாலே ஆகாது" என்று யாராவது கமெண்டில் வருவார்கள். என் அம்மாவின் முதுகெலும்பில், இடுப்புப் பகுதியில், நான்கு ஸ்குரூ இருக்கிறது. எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து, நரம்புக்குப் பக்கத்தில் எவ்வளவு நெருக்கமாக அவை போகின்றன என்று பார்த்தவன் நான். இரண்டு மூன்று மில்லிமீட்டர் தவறினாலும் நரம்பில் படலாம். அந்தக் கண்ணாடி எல்லா ஊருக்கும் வரட்டும்.

ஆனால் அம்மாவுக்கு அறுவை சிகிச்சை முடிந்த அன்றிரவு நடந்ததையும் சொல்கிறேன். மயக்கம் தெளிந்து வலி ஏறியபோது அம்மா கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தார். நர்ஸ் மார்ஃபின் ஊசி போட்டார். கொஞ்ச நேரத்தில் விரல் ஒவ்வொன்றாகத் தளர்ந்தது. மார்ஃபின் கசகசாச் செடியின் காயில் வடியும் பாலிலிருந்து பிரித்தது. அறுவை சிகிச்சையின்போது தசையைத் தளர்த்தப் போடும் ஊசிகளின் கதை தென் அமெரிக்கக் காட்டில் அம்பு நுனியில் தடவிய கொடி விஷம் கியூரரேயில் தொடங்குகிறது. அதிலிருந்து டியூபோகியூராரின் என்ற மூலக்கூறை 1935இல் லண்டனில் ஹரால்ட் கிங் பிரித்தார். 1942இல் மாண்ட்ரியலில் ஹரால்ட் கிரிஃபித்தும் ஈனிட் ஜான்சனும் கியூரரேயை அறுவை அரங்குக்குக் கொண்டு வந்தார்கள். இலையும் கொடியும் அரைத்தவர்கள் இல்லாமல் அந்த ஆப்பரேஷன் தியேட்டரே இல்லை.

"அப்போ சித்த மருத்துவத்துக்குக் கொடி பிடிக்கிறீர்களா?" இல்லை. எந்த மூலக்கூறு, எவ்வளவு, எப்படி வேலை செய்கிறது என்று காட்டச் சொல்கிறோம், அவ்வளவுதான்.

நிதி குறைவு, பயன் தருவதற்குத்தான் முன்னுரிமை என்கிறார்கள். சரி, நிதி குறைவுதான். ஆனால் எது பயன் தரும் என்று முன்கூட்டியே யாருக்குத் தெரியும்? நம் ஊர் சுடுகாட்டோரம் பூக்கும் நித்தியகல்யாணி சர்க்கரை நோய்க்கு உதவுமா என்று தேடத்தான் கனடாவில் ராபர்ட் நோபலும் சார்லஸ் பீரும் இறங்கினார்கள். கிடைத்ததோ புற்றுநோய் மருந்து வின்பிளாஸ்டின். அதே செடியின் வின்கிரிஸ்டின்தான் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு இன்றும் போகிறது.

என் மாணவி அந்தச் செடியில்தான் மூன்று வருடமாக வேலை செய்கிறாள். கண்ணாடிக் குழாயில் சிலிக்கா தூள் நிரப்பி, அதன் வழியே இலைச் சாற்றை இறக்கிப் பிரிக்கும்போது பச்சையும் மஞ்சளுமாகப் பட்டைகள் இறங்கும். ஒரு பட்டை தவறினால் ஒரு வார உழைப்பு போச்சு. கரைப்பான் வாசனையில் தலைவலியோடு வீட்டுக்குப் போவாள். அவளை ஆறு நிமிடத்தில் உட்கார வைத்தீர்கள். பஸ் ஏறும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. என்னுடைய முதல் கருத்தரங்கிலும் என்னை இப்படித்தான் நிறுத்தினார்கள். அப்போது எனக்காக யாரும் எழவில்லை. சனிக்கிழமை நானும் உடனே எழவில்லை, அதுதான் தூங்கவிடாமல் செய்கிறது.

வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு எங்கள் துறையில் அவள் மறுபடி பேசுகிறாள். முழு இருபது நிமிடம். வாருங்கள்.