ஃபேட் பர்னர் காசுக்கு முட்டை வாங்கலாம்

காரைக்குடிப் பக்கம் இப்போது ஜிம்முக்குப் பஞ்சமில்லை. சந்தோஷம்தான். ஆனால் தொப்பையைக் குறைக்க வரும் பையன்கள் முதல் மாதமே வாங்குவது ஃபேட் பர்னர் டப்பா, அதாவது கொழுப்பைக் கரைக்கும் என்று சொல்லி விற்கும் மாத்திரை. அதற்கு அடுத்து பிசிஏஏ என்ற அமினோ அமிலப் பவுடர் (புரோட்டீனின் சின்னத் துண்டுகள்தான் அமினோ அமிலம்). "புரோட்டீன் எவ்வளவு எடுக்குற?" என்று கேட்டால், "வீட்ல போடுறதச் சாப்பிடுறேண்ணே" என்று பதில் வருகிறது. செலவு பண்ணும் வரிசையே தலைகீழாக இருக்கிறது என்பது என் கருத்து.

சாப்பாட்டைக் குறைத்தால் பற்றாக்குறையை உடம்பு கொழுப்பிலிருந்தும் எடுக்கும், தசையிலிருந்தும் எடுக்கும். இந்தத் தசை தேவைப்படுகிறது என்று அதற்குப் புரியவைப்பது நாம் தூக்கும் எடைதான். அதனால் டயட் தொடங்கியதும் பழைய வெயிட்டை இறக்கிவிட்டு டிரெட்மில்லே கதி என்று கிடக்கக் கூடாது. வாரத்துக்கு உடல் எடையில் அரை முதல் ஒரு சதவீதம் குறைந்தால் போதும். அதைவிட வேகமாக இறங்கினால் தசையும் கூடவே போகும்.

அப்புறம் புரோட்டீன். எடை தூக்கிக்கொண்டே டயட்டில் இருப்பவருக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு 1.6 முதல் 2.2 கிராம் வரை என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. 70 கிலோ ஆளுக்குக் குறைந்தது 112 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு இட்லியில் 2 கிராம் சொச்சம். இட்லியை நம்பி இந்தக் கணக்கை முடிக்க முடியாது. கோழி, மீன், முட்டை, தயிர், சுண்டல் என்று தேடிப் போட வேண்டும். அப்படியும் குறைந்தால் ஒரு ஸ்கூப் வே புரோட்டீன், அதில் 24 கிராம் வரும். சீஸ் செய்யும்போது பிரியும் தண்ணீரிலிருந்து எடுப்பதுதான் வே. அம்மாக்கள் பயப்படுவது போல ஊசி மருந்து கிடையாது, பால் சமாச்சாரம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது.

புரோட்டீன் சரியாக இருந்தால் பிசிஏஏ தண்டச் செலவு. அதிலிருக்கும் மூன்று அமினோ அமிலங்களும் முட்டையிலும் வேயிலும் ஏற்கெனவே இருக்கின்றன.

நம்மூர்ச் சமையல்தான் டயட்டுக்கு எதிரி என்று சிலர் சொல்லும்போது எனக்குக் கோபம் வரும். மிளகு, சீரகம், சோம்பு அரைத்துப் போட்ட கோழியில் என்ன தப்பு? விஷயம் எண்ணெயில். ஒரு டேபிள்ஸ்பூனுக்கு 120 கலோரி. நாலு ஸ்பூன் கூடுதலாக ஊற்றினால் அன்றைக்குப் பட்டினி கிடந்தது வீண். கல்யாண வீட்டில் வெள்ளைப் பணியாரமும் கவுனி அரிசியும் வைத்தால் சாப்பிடுங்கள், அதற்காக மறுநாள் ஃபேட் பர்னரை இரண்டாகப் போடாதீர்கள்.

அந்த டப்பாக்களில் பெரும்பாலும் வேலை செய்யும் சரக்கு காஃபின் ஒன்றுதான். ஜிம்முக்கு முன்னால் சர்க்கரை இல்லாத காபி குடித்தால் அதே சுறுசுறுப்பு. சாயங்காலத்துக்கு மேல் வேண்டாம், தூக்கம் கெடும். 2010இல் சிகாகோ பல்கலைக்கழகத்தினர் 10 பேரை வைத்து ஒரு சின்ன ஆய்வு செய்தார்கள். ஒரே டயட்தான். எட்டரை மணி நேரத்துக்குப் பதில் ஐந்தரை மணி நேரமே படுக்க விட்டபோது எடை அதே அளவு குறைந்தது, ஆனால் கொழுப்பு கரைந்தது பாதிக்கும் கீழே, தசை போன்ற கொழுப்பில்லாத பகுதிதான் கூடுதலாகப் போனது. காசே இல்லாத சப்ளிமென்ட் தூக்கம்.

லேபிள் இல்லாத மாத்திரையை யாராவது "செம ரிசல்ட்" என்று நீட்டினால் வாங்காதீர்கள். டிஎன்பி (டைநைட்ரோபீனால்) என்ற ரசாயனம் உடம்புச் சூட்டை ஏற்றியே ஆளைக் கொல்லும். மனிதர் உட்கொள்ளத் தகாதது என்று 1938லேயே அமெரிக்காவில் தள்ளிய சரக்கு அது.

காசு மிச்சமிருந்தால், தசைக்குச் சக்தி கொடுக்க உதவும் கிரியேட்டின் மோனோஹைட்ரேட் பவுடர் வாங்கலாம், தினம் 3 முதல் 5 கிராம். கொழுப்பைக் கரைக்காது, டயட்டிலும் தூக்கும் பலம் இறங்காமல் இருக்கக் கைகொடுக்கும். தசைக்குள் தண்ணீர் சேர்வதால் ஆரம்பத்தில் எடை ஒரு கிலோ போல ஏறும், அதைப் பார்த்து டயட்டை விடாதீர்கள். ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று அறியப் பார்க்கும் கிரியேட்டினின் கொஞ்சம் கூடுதலாகக் காட்டலாம், அதனால் இதை எடுப்பதாக டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.