பத்தூர் மலையும் எங்கள் கன்னியாவும்

"இந்தக் கிணத்துக்குக் கீழயும் எரிமலை இருக்கோ அப்பா?"

போன ஞாயிற்றுக்கிழமை கன்னியா வெந்நீர்க் கிணற்றடியில், தலையில் ஊற்றத் தூக்கிய வாளியைப் பாதியில் நிறுத்திவிட்டு மகள் கேட்டாள். நான் பிறந்து வளர்ந்தது திருகோணமலையில். அந்த ஏழு கிணற்றிலும் எத்தனை தடவை அள்ளிக் குளித்திருப்பேன்! அம்மம்மாவின் 31ஆம் நாள் கடமைக்கும் அங்கேதான் போனோம். இப்படி ஒரு கேள்வி எனக்கு ஒருநாளும் வந்ததில்லை.

அவளுக்கு வந்ததற்குக் காரணம் எங்கள் பாலிப் பயணம். பாடசாலை விடுமுறையில் குடும்பமாகப் போய்ப் பத்தூர் எரிமலையில் ஏறினோம். உயரம் 1,717 மீற்றர். விடியப்புறம் நாலு மணிக்கு ரோர்ச் வெளிச்சத்தில் தொடங்கினோம். மேலே போகப் போகக் காலுக்குக் கீழே கறுப்புப் பொடிக்கல், ஒரு அடி வைத்தால் அரை அடி சறுக்கும். மனைவி பாதி வழியில் குந்திவிட்டாள். மகன்தான் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தான்.

உச்சியில் நல்ல குளிர். வழிகாட்டி ஒரு பாறை இடுக்கைக் காட்டிக் கையை நீட்டச் சொன்னார். நீத்துப்பெட்டியில் புட்டு அவியும்போது முகத்தில் அடிக்குமே, அதே ஈரச்சூடு. அந்த ஆவியிலேயே முட்டை அவித்தும் தந்தார். மகள் அதைச் சாப்பிடவில்லை. மலையின் சூடு என்று இரண்டு கையாலும் பொத்தி வைத்துக்கொண்டிருந்தாள்.

வெளிச்சம் வந்த பிறகுதான் இடம் விளங்கியது. கீழே ஏரி, சுற்றிவர மலைச்சுவர். அந்தச் சுவர் சுமார் 29,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்து உள்ளே இறங்கிய பெரிய எரிமலையின் விளிம்பாம். 1926இல் வந்த எரிகுழம்பு அடிவாரத்தில் இருந்த பத்தூர் ஊரை மூடிவிட்டது. சனங்கள் விளிம்புக்கு இடம்பெயர்ந்து, ஏரித் தெய்வத்தின் கோயிலையும் அங்கேயே எழுப்பினார்கள். இடம்பெயர்வது என்றால் என்ன என்று எங்கள் ஊர்க்காரருக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. அந்தக் கறுத்த பாறைவெளியைக் கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பாலிக்குத் தெற்கே கடலடிப் பாறைத் தட்டு நிலத்துக்குக் கீழே புதைந்து போகிறது. அது கொண்டுபோகும் நீர், ஆழத்தில் பாறை உருகுவதைச் சுலபமாக்குகிறது. அப்படி உருகியதுதான் எரிமலையாக மேலே வருகிறது. இதே புதைவுக் கோடுதான் 2004 டிசம்பர் 26இல் சுமாத்திராவுக்குப் பக்கத்தில் வழுக்கி, எங்கள் கரைக்கு அலையை அனுப்பியது. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது எனக்குக் குரல் கம்மியது.

சரி, கன்னியாவுக்கு வருவோம். இலங்கையில் எரிமலை இல்லை. மழைநீர் பாறை வெடிப்புகள் வழியே ஆழத்துக்கு இறங்குகிறது. பூமிக்குள் கிலோமீற்றருக்குச் சுமார் 25 முதல் 30 பாகை செல்சியஸ் சூடு கூடும். அந்தச் சூட்டை வாங்கிய நீர் முழுக்க ஆறுமுன் மேலே வந்துவிடுகிறது. ஒரு கிணற்றுக்கும் அடுத்த கிணற்றுக்கும் சூடு கொஞ்சம் வேறுபடுவதை எங்கள் உடம்பே அறியும்.

தாயின் இறுதிக் கடமைக்காக இராவணன் வாளால் குத்திய இடம் என்ற கதையைப் பிள்ளைகளுக்கு நானும் சொன்னேன், இனியும் சொல்வேன். ஆனால் அதோடு நிறுத்திவிடுகிறோமே, அதுதான் எனக்கு வேதனை. மகனின் பாடசாலைச் சுற்றுலா கன்னியாவில் அரைமணி நேரம் நின்றது. குளித்தார்கள், கச்சான் வாங்கினார்கள், பஸ் ஏறினார்கள். ஏன் சுடுகிறது என்று யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லையாம். காசு செலவழித்துக் கடல் கடந்து போனவனின் பிள்ளைக்கு மட்டும் இந்தக் கேள்வி வருவது நியாயமா? திருகோணமலைப் பிள்ளைகள் எல்லாருக்கும் அது எட்டு கிலோமீற்றரில் இருக்கிறது.

ஆசிரியர்களே, பெற்றோரே, அடுத்த தடவை போகும்போது ஒரு வெப்பமானியும் கொப்பியும் கொண்டு போங்கள். ஏழு கிணற்றையும் பிள்ளைகளே அளந்து எழுதட்டும். நாங்கள் வருகிற ஞாயிறு காலை போகிறோம், மகள் கொப்பியில் ஏழு கட்டம் கீறி வைத்துவிட்டாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் வருகிறார்கள். சேர விரும்புகிறவர்கள் எனக்குச் சொல்லுங்கள், வான் வண்டியில் இன்னும் நாலு பேருக்கு இடம் இருக்கிறது.